தப்பொலியும் கணினிக் கடிகாரமும்

நேரத்தின் அருமையைப் பற்றி நாம் மாணவர்க்கு ஓயாது போதிக்கிறோம். 'காலம் பொன் போன்றது' என்ற வாசகத்தைச் சுவரில் எழுதிவைக்காத பள்ளிக்கூடம் அரிது. அந்தப் பொன் யாருடைய பெட்டியிற் போய்ச் சேருகிறது, அதை நிறுக்கும் தராசு யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்விகளைச் சுவர் எழுப்புவதில்லை. வரலாறு எழுப்புகிறது.

இக்கேள்விகள் இன்று எதிர்பாராத ஓரிடத்திற் புத்துயிர் பெற்றிருக்கின்றன. நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப்புறப் பாடசாலைகளுக்கும் கணினிகள் வந்துவிட்டன. ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு கணினிகள். அவற்றை இணைக்க ஓர் உள்ளக வலையமைப்பு. கவனிப்பாரில்லாத அத்தகைய ஓர் அறையில் திரைகளை வரிசையாக நோக்கினால், ஒன்று 9.10 என்னும், அடுத்தது 9.14 என்னும், மூன்றாவது 9.40 என்னும், மூலையில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாந் திகதியைக் காட்டும். "இவற்றுள் எது சரி?" என்று மாணவன் கேட்கிறான். பொறியியலாளர் அதற்கு விடை தருவார். ஆயின் அக்கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எது சரியென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகளில் வாழும் மக்களின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்த கேள்வி அது.

கதிரவன் நேரமும் ரயில் நேரமும்

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. கொழும்புக்கும் ஹட்டனுக்கும் இடையே ஏறத்தாழ முக்காற் பாகை வேறுபாடு உண்டு. ஆகவே ஹட்டனில் உச்சிப் பொழுது கொழும்பைவிட மூன்று நிமிடம் முந்தி வருகிறது. நுவரெலியாவுக்கு இன்னும் சற்று முந்தி. மாட்டு வண்டியிற் போன காலத்தில் இந்த மூன்று நிமிடத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதன் கதிரவனே கடிகாரமாக இருந்தது.

இந்நிலையை உடைத்தது இருப்புப்பாதை. 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. அதே ஆண்டில்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். அதே ஆண்டில்தான் கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. மூன்றும் ஓராண்டில் நிகழ்ந்தது தற்செயல். ஆனால் இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்காமல் மலையகத்தின் கதையை விளங்கிக்கொள்ள இயலாது. கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க, ரயிலும் மேலே ஏறியது. 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசி மூட்டைகளை ஏற்றவும் வந்த அந்த ரயில், கண்ணுக்குப் புலப்படாத இன்னொரு சரக்கையும் கொண்டுவந்தது. கொழும்பின் நேரமே அது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வண்டிகள் ஓடும்போது நிலையத்துக்கு நிலையம் வெவ்வேறு நேரம் இருக்க முடியாது. ஹட்டன் நிலையத்துக் கடிகாரம் ஹட்டனின் கதிரவனைக் கைவிட்டுக் கொழும்பின் சொற்கேட்டு நடக்கத் தொடங்கிற்று.

இத்தொழிலாளரின் முன்னோர் புறப்பட்டுவந்த தமிழ்நாட்டிலும் இதே கதைதான். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையமொன்றை நிறுவியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கற்றூணில் இலத்தீனத்தோடு தமிழும் தெலுங்கும் பொறிக்கப்பட்டன. அங்கே கணிக்கப்பட்ட 'சென்னை நேரம்', கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது, தந்திக் கம்பி வழியாக இந்திய ரயில்வேக்களின் நேரமாயிற்று. கப்பலுக்குத் தீர்க்கரேகை வேண்டியிருந்தது; ரயிலுக்குக் கால அட்டவணை வேண்டியிருந்தது. நேரம் கூறும் தூணில் தமிழ் எழுத்து இருந்தது. நேரத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் தமிழன் இருக்கவில்லை.

1906ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இந்தியாவும் இலங்கையும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய பொது நேரத்தை ஏற்றன. அதுவரை இலங்கை கொழும்பின் நேரப்படி ஏறத்தாழ 5 மணி 19½ நிமிடத்தில் இருந்தது. ஆகவே ஓரிரவில் தீவின் கடிகாரங்கள் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் முன்னே தள்ளப்பட்டன. பம்பாயில் இவ்வேறுபாடு 39 நிமிடம். அங்கே ஆலை மணி புதிய நேரத்துக்கு மாற்றப்பட்டபோது, அந்த ஜனவரி மாதத்திலேயே பஞ்சாலைத் தொழிலாளர் வேலைக்குப் போக மறுத்து நின்றார்கள். அவர்களுட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். கிரீனிச் எங்கே இருக்கிறதென்று அறியாதவர்கள். ஆனால் விடியுமுன் முப்பத்தொன்பது நிமிடம் தங்கள் வாழ்விலிருந்து பிடுங்கப்படுகிறது என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். பம்பாய் நகரம் தன் பழைய நேரத்தை முழுமையாகக் கைவிட 1955 ஆயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெரட்டுக்களம்

இலங்கையின் தோட்டத் தொழிலாளி பம்பாய்த் தொழிலாளியைப் போல நகரத்தில் வாழவில்லை. அவனைச் சுற்றி மணிக்கூட்டுக் கோபுரங்கள் இல்லை. கோயிலைத் தவிர வேறு மணியில்லை. அவன் குடியிருக்கும் லயமும், தண்ணீர் எடுக்கும் பீலியும், பிள்ளையை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவும், இறந்தபின் புதைக்கப்படும் மண்ணும் தோட்டத்துக்கே சொந்தம். அவ்வாறே அவனுடைய நேரமும் தோட்டத்துக்குச் சொந்தமாயிற்று.

விடியுமுன் இருளிலே தப்பு ஒலிக்கும். அதனைக் கேட்டு லயங்கள் எழும். தப்பு அடித்தவன் பெரும்பாலும் ஊரிலே தாழ்த்தப்பட்ட சாதியிலே பிறந்து, கடல் கடந்து வந்த பின்னும் அச்சாதித் தொழிலிலிருந்து விடுபடாத ஓர் ஏழைத் தொழிலாளி. எல்லாரையும் எழுப்புமுன் அவன் எழுந்தாக வேண்டும். ஊரில் சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கிய தோற்கருவி, மலையிலே வேலைநாளின் கட்டளைக் குரலாக மாறிற்று. மலையகத்தின் முன்னோடிக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்ட நெடுங்கவிதை, விடியலையும் அந்த முழவொலியையும் ஒன்றாகவே வைத்துத் தொடங்குகிறது. தோட்ட வாழ்வை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்கு அந்நாளின் முதல் உண்மை அவ்வொலியே.

தப்பு ஒலித்தபின் பெரட்டு. இராணுவத்தின் 'பரேட்' என்ற சொல்லே மலையகத்தார் நாவிற் பெரட்டு என்றாயிற்று. சொல் மாறியது, பொருள் அவ்வளவாக மாறவில்லை. பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றோரைக் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் எண்ணி, இன்ன மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார்கள். பிந்தி வந்தவள் திருப்பி அனுப்பப்படலாம். அல்லது அவளுக்கு அரைப்பேர் விழலாம். 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். மனிதனின் பெயரும் அவனுடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் தோட்டம்.

பிந்தினாள் என்பது எந்தக் கடிகாரத்தின்படி? இதுவே நாம் கவனிக்க வேண்டியது. தொழிலாளியிடம் கடிகாரம் இல்லை. அது துரையின் பங்களாவிலும், ஆபிசிலும், தேயிலைத் தொழிற்சாலையிலும் இருந்தது. தப்படித்தவன் ஏவப்பட்டபோது அடித்தான். அது ஐந்து நிமிடம் முந்தி ஒலித்தாலும், மாலையில் நிறுவை ஐந்து நிமிடம் பிந்தி முடிந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கடிகாரம் லயத்தில் இல்லை. எழுந்துவரத் தவறியவள் குற்றவாளி. தப்பு ஒலித்த நேரத்திலேயே தப்பு இருக்கக்கூடும் என்று சொல்ல எவருக்கும் வாயில்லை.

இது ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரிய கொடுமை என்று கருதுவது பிழை. இங்கிலாந்தின் தொழிற்சாலை அதிபர்கள் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம், உணவு வேளையிற் சில நிமிடம் என்று கொறித்துக் கொறித்துத் தின்றதை, அந்நாட்டு அரசாங்கத் தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்தே மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். அதற்குச் சரியாக நூறாண்டுகளின் பின், 1967இல், வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், கடிகாரம் எவ்வாறு உழைப்பைக் கட்டுப்படுத்தும் கருவியாயிற்று என்பதை விரிவாக ஆராய்ந்தார். ஆலைக் கடிகாரத்தைக் காலையில் முன்னும் மாலையிற் பின்னும் திருப்பிவைத்த அதிபர்களைப் பற்றியும், தொழிலாளி சொந்தக் கைக்கடிகாரம் வைத்திருப்பதையே அவர்கள் வெறுத்தமை பற்றியும் அவர் தந்த சான்றுகள் இன்றும் படிக்கத்தக்கவை. அசாமிலோ தேயிலைத் தோட்டங்கள் இந்தியப் பொது நேரத்துக்கு ஒரு மணி முந்திய 'பாகான் நேரம்' என்ற தனி நேரத்தையே வைத்துக்கொண்டன. முந்தி விடியும் கிழக்குக்கோடியில் அதற்கு இயற்கை நியாயமும் உண்டு. ஆயினும் தோட்டத்தின் வேலி நேரத்தையும் சூழ்ந்து நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம். ஆண்டில் முந்நூறு வேலைநாள். மூவாயிரம் நிமிடம், அதாவது ஐம்பது மணி. எட்டு மணி வேலைநாளாகப் பகுத்தால் ஒருவரிடமிருந்து ஆறு நாளுக்கு மேற்பட்ட கூலியற்ற உழைப்பு. முந்நூறு பேர் கொண்ட ஒரு தோட்டத்துக்கு இதனைப் பெருக்கிக்கொள்ளும் வேலையை மாணவர்க்கே விட்டுவிடலாம். கணித பாடத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

இச்சுமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவாக விழவில்லை. கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் அளவு வேலைகள். கொடுத்த அளவை முடித்த ஆண் நண்பகலைத் தாண்டியதும் வீடு திரும்ப முடிந்தது. கொழுந்து கிள்ளும் பெண்ணோ மாலை நிறுவைவரை மலையில் நின்றாள். அவளுடைய நாள் தப்பொலியோடு தொடங்கவும் இல்லை; ரொட்டி தட்டவும் தேநீர் வைக்கவும் அதற்கும் முந்தியே அவள் எழுந்தாள். மிக நீண்ட நாள் அவளுடையது. ஆயினும் 1984ஆம் ஆண்டுவரை அவளுடைய நாட்சம்பளம் ஆணினுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. கடிகாரம் நடுநிலையானது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

ஏட்டில் ஏறிய காலம்

பெரட்டில் எண்ணப்பட்டது செக்ரோலில் எழுதப்பட்டது. தோட்டத்தின் காலம் இரு வடிவங்களில் வாழ்ந்தது எனலாம்: ஒன்று காற்றிற் கரையும் ஒலி; மற்றொன்று ஆபிசிற் பூட்டி வைக்கப்படும் ஏடு. ஒலியைத் தொழிலாளி கேட்டான். ஏட்டை அவன் பார்க்கவில்லை.

அந்த ஏட்டின் வலிமை சுதந்திரத்தின் பின்னரே முழுமையாகப் புலனாயிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து, அதன் வாயிலில் காலத்தையே காவல் வைத்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். நிறுவுவது எதனால்? எழுத்தினால். எழுத்து யாரிடம் இருந்தது? உழைத்த ஒவ்வொரு நாளையும் வேறொருவன் தன் ஏட்டில் எழுதிவைத்துக்கொண்ட மக்களிடம், 'உங்கள் நாட்களுக்குச் சான்று எங்கே?' என்று கேட்கப்பட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். மிகச் சிறு பகுதியினரே குடியுரிமை பெற்றனர். எஞ்சியோருள் பல்லாயிரவர் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றப்பட்டனர். இலங்கையில் தங்கி நாடற்றவராய் இருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்வுக்கு வந்தது. நேரத்தைப் பதிவு செய்யும் ஏடு யாருடைய கையில் இருக்கிறதென்பது சம்பளத்தோடு நின்றுவிடும் விஷயமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

காசல்ரீயின் நீரும் கடிகாரத்தின் முள்ளும்

இலங்கையின் நேரம் அரசாங்க ஆணையால் பலமுறை மாறியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரியில் அரை மணியும், செப்டம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளப்பட்டு, 1945 அக்டோபரிற் பழைய நேரத்துக்குத் திரும்பிற்று. அடுத்த பெரிய மாற்றம் 1996இல் நிகழ்ந்தது. அதன் வேர் நம் மலைகளிலேயே இருந்தது.

நாட்டின் மின்சாரத்திற் பெரும்பகுதி அன்று நீரிலிருந்து கிடைத்தது. காசல்ரீ, மவுசாகலை, கெனியன், லக்ஷபான, நோட்டன் பிரிஜ் என்று ஹட்டனையும் மஸ்கெலியாவையும் சுற்றியுள்ள நீர்த்தேக்கங்களும் மின்நிலையங்களும் அதற்கு முதுகெலும்பு. மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் வழிபாட்டிடங்கள் தலைதூக்குவதை ஊரார் போய்ப் பார்ப்பதுண்டு. 1996இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடெங்கும் மின்வெட்டு. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, மே மாதம் 25ஆம் திகதி கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணி திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய அரை மணி பத்தாண்டுகள் நிலைத்தது.

இதன் பொருளை மலையகத்தில் நின்று பார்க்க வேண்டும். மே மாத இறுதியில் ஹட்டனிற் பழைய நேரப்படி ஆறு மணிக்குச் சற்று முன்னரே கதிரவன் எழும். புதிய நேரப்படி அது ஏழுக்குப் பத்து நிமிடம். ஆறரைக்குப் பெரட்டு என்று வைத்துக்கொண்டு, மணியை மாற்றாமல் விட்ட ஒரு தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். மழையும் மூடுபனியும் அட்டையும் நிறைந்த மலையில், கதிரவன் எழுமுன் தொழிலாளி வரிசையில் நிற்க வேண்டும். அரை மணி திரும்பி வந்த பின்னரும், பெப்ரவரி மாதத்தில் அதே ஏழை நெருங்கியே விடிந்தது. எந்த மின்விளக்கைச் சேமிப்பதற்காக? அந்நாளில் மிகப் பல லயக் காம்பராக்களில் மின்விளக்கே இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் கீழ் வாழ்ந்தவர்களின் விடியல், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக முன்னே தள்ளப்பட்டது. அந்த மின்சாரம் பிறந்ததோ அவர்களுடைய மலையில், அவர்களுடைய ஆறுகளில்.

அதே காலத்தில் வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்காமற் பழைய நேரத்திலேயே இருந்தன. ஒரு சிறு தீவு; இரண்டு நேரம். போர் நிலத்தைப் பிரித்ததைப் போலக் கடிகாரத்தையும் பிரித்திருந்தது. 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை அடுத்து, ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவு கடந்ததும், தீவு மீண்டும் ஐந்தரை மணி நேரத்துக்குத் திரும்பிற்று. இம்முறை திருப்ப வேண்டியிருந்தவை சுவர்க் கடிகாரங்கள் மட்டுமல்ல. கணினிகளும் இருந்தன.

கணினியின் உட்கடிகாரம்

கணினிக்குள் ஒரு படிகத் துண்டு இருக்கிறது. அது விநாடிக்கு 32,768 முறை துடிக்கும்படி வெட்டப்பட்டது. அத்துடிப்பை எண்ணி நேரம் காப்பதே கணினிக் கடிகாரம். ஆனால் படிகம் வெப்பத்துக்கும் குளிருக்கும் இணங்கிச் சிறிதே தடுமாறும். பத்து இலட்சத்துக்கு இருபது பங்கு பிழை என்றால் அற்பமாகத் தோன்றும். நாளொன்றுக்கு அது ஒன்றே முக்கால் விநாடி. மூன்று மாதத்தில் இரண்டரை நிமிடம். ஒரே நாளில் வாங்கிய பன்னிரண்டு கணினிகளும் பன்னிரண்டு வழியிற் செல்வது இதனால்தான். மின்சாரம் நின்றபின் அக்கடிகாரத்தைக் காப்பது ஒரு சிறு மின்கலம். அது செத்தால் கணினி தன் பிறந்த தேதிக்கே திரும்பிவிடும். மூலையிலிருக்கும் கணினியின் நோய் அதுவே.

இவற்றை ஒத்திசைக்க அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1985இல் ஒரு நெறிமுறையை வகுத்தார். என்.டி.பி. என்று வழங்கும் அதன் அடிப்படை எளிது. நம் கணினி தன் கடிகாரப்படி 10 மணி 0 விநாடிக்கு, 'இப்போது மணி என்ன?' என்று தலைமைக் கணினியைக் கேட்கிறது. '10 மணி 31 விநாடி' என்ற விடை, நம் கடிகாரப்படி 10 மணி 2 விநாடிக்கு வந்து சேர்கிறது. போக வர இரண்டு விநாடி. விடை வர மட்டும் ஒன்று என்று கொள்வோம். ஆகவே உண்மை நேரம் 10 மணி 32 விநாடி. நம் கடிகாரம் 30 விநாடி பின்தங்கியிருக்கிறது. நடைமுறையில் விநாடிகளின் இடத்தில் ஆயிரத்திலொரு பங்குகள் நிற்கும், கணக்கு இதுவே. தலைமைக் கணினி தனக்கு மேலுள்ள இன்னொன்றைக் கேட்கும்; அது அதற்கு மேலுள்ளதைக் கேட்கும்; உச்சியில் அணுக் கடிகாரம் இருக்கும்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையை மறக்கலாகாது. கணினி தன் உள்ளத்தில் வைத்திருப்பது உலகப் பொது நேரம். திரையிற் காட்டுவது அதனோடு வலயத்தின் வேறுபாட்டைக் கூட்டிய நேரம். 2006இல், வலயத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் அரை மணி பின்னே நகர்த்திய இடங்களில், திரை சரியாகத் தோன்றியது. உள்ளே உலக நேரம் அரை மணி பிழையாயிற்று. அத்தகைய கணினி என்.டி.பி. வழியே தலைமைக் கணினியைக் கேட்டதும் ஒன்று நிகழும்: அது மீண்டும் அரை மணி முன்னே பாயும், அல்லது, ஆயிரம் விநாடிக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கண்ட மில்சின் மென்பொருள் 'இதனை நான் திருத்தமாட்டேன்' என்று நின்றுவிடும். அரை மணி என்பது ஆயிரத்தெண்ணூறு விநாடி அல்லவா? விண்டோஸ் கணினிகளின் வலயப் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயர் ஆறு மணிக்கு எதிரே இருந்தது. ஐந்தரைக்கு எதிரே சென்னை முதலிய இந்திய நகரங்களின் பெயர்கள் இருந்தன. திருத்தப்பட்ட பட்டியல் வந்து சேரும்வரை சென்னை என்ற பெயரைத் தேர்ந்துகொள்வதே நேர்வழியாக இருந்தது. நுங்கம்பாக்கத்துத் தூணை அறிந்தவர்க்கு இது ஒரு சுவையான வரலாற்று விளையாட்டு.

ஆகவே மாணவன் கேட்ட கேள்விக்கு முறையாக விடை காணும் வழி இது. வேறுபாடு சரியாக அரை மணி, ஒரு மணி என்று இருந்தால் வலயத்தைப் பார். தேதியே பழையதானால் மின்கலத்தைப் பார். சில நிமிடப் பிழை நாளுக்கு நாள் வளர்ந்தால், ஒத்திசைவு நடக்கவே இல்லை. நேரச்சேவை நிறுத்தப்பட்டிருக்கலாம், அல்லது அது பயன்படுத்தும் 123ஆம் இலக்க வாயில் வலைக்காவலால் அடைக்கப்பட்டிருக்கலாம். இணையம் இல்லாத பாடசாலையில், ஒரு கணினியின் நேரத்தை வானொலியோடு ஒப்பிட்டுச் சரிசெய்து, ஏனையவற்றை அதனைக் கேட்கும்படி அமைத்தாற் போதும். இது வீண் வேலையன்று. நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால் உள்ளக வலையிற் கடவுச்சொல் சரியாயிருந்தும் உட்புக முடியாத அமைப்புகள் உண்டு. எந்தக் கோப்பு முந்தியது, எது பிந்தியது என்ற ஒழுங்கே குலைந்துவிடும்.

ஒத்திருத்தலும் உண்மையும்

நான்காவதாக ஒரு நோய் உண்டு. அதுவே கண்டுபிடிக்கக் கடினமானது. எல்லாக் கணினிகளும் விநாடி பிசகாமல் ஒரே நேரத்தைக் காட்டும். எல்லாமே பிழையாக இருக்கும். தலைமைக் கணினியே தவறியிருந்தால் இவ்வாறு ஆகும். கீழேயுள்ளவை எவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிகின்றனவோ, அவ்வளவு துல்லியமாகப் பிழை பரவும். முழு ஒற்றுமை தோன்றும் இடத்தில் முழுத் தவறு இருக்க முடியும். பெரட்டுக்களத்தின் ஒழுங்கு இத்தகையது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒரே நேரத்தில் நின்றார்கள், ஒரே நேரத்தில் மலையேறினார்கள். கேள்விக்கு அப்பாற்பட்ட ஒரு கடிகாரத்துக்குக் கீழ்ப்படிந்த ஒழுங்கு அது.

கணினி அறிஞர்கள் இந்நோய்க்கு இரு மருந்து கண்டனர். ஒன்று, தலைமையை ஒன்றாக வைக்காதே. நான்கைந்து கணினிகளைக் கேள். பெரும்பான்மையோடு ஒட்டாததைத் தள்ளு. மற்றது 1980களிற் கலிபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்டது. அங்கே தலைமைக் கணினி தன் நேரத்தைத் திணிப்பதில்லை. ஒவ்வொன்றையும், 'உன் மணி என்ன?' என்று கேட்கிறது. மிகவும் விலகியவற்றை நீக்கிச் சராசரி காண்கிறது. பின் தனக்கும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்தத்தைச் சொல்கிறது. தலைமையும் திருத்தத்துக்கு உட்பட்டதே என்பது இம்முறையின் உயிர். இயந்திரங்களுக்கிடையே இத்தகைய நேர்மையை நாடிய நம் காலம், மனிதருக்கிடையே அதனைக் கண்டுவிட்டதா?

இன்று தப்பொலி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. லயத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. அதன் நேரம் துரையின் சுவர்க் கடிகாரத்தைவிடத் துல்லியமானது. இரண்டாவது கடிகாரம் இறுதியில் லயத்துக்கு வந்துவிட்டது. இது சிறிய வெற்றியன்று. ஆயினும் ஏடு இன்னும் இடம் மாறவில்லை. சில தோட்டங்களில் கொழுந்து மடுவத்துக்கு இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது. கொழுந்தின் நிறையும் நாளும் கணினிக்குட் போகின்றன. 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளிவந்த பின்னரும், முழுப்பேரா அரைப்பேரா என்ற வழக்கு மலைகளில் ஓயவில்லை. அவ்வழக்கில் கணினியின் பதிவு சாட்சியாகும். அக்கணினியின் கடிகாரம் எதனைக் கேட்டு நடக்கிறது? அதன் பதிவைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? நிறுத்த நேரமும் நிறையும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு, கொழுந்து கொடுத்தவளின் கைக்கும் வருகிறதா?

தோட்டப் பாடசாலையின் கணினி அறையில் கடிகாரங்களை ஒத்திசைக்கக் கற்கும் மாணவி, தன் பாட்டியின் வாழ்நாளை ஆண்ட ஒரு வித்தையின் இரகசியத்தைக் கற்கிறாள். அவளுக்கு வலயத்தையும் மின்கலத்தையும் வாயிலின் இலக்கத்தையும் கற்பிப்போம். அவற்றோடு, எல்லாத் திரைகளும் ஒன்றுபோலக் காட்டும் வேளையிலும், 'தலைமைக் கடிகாரத்தைச் சரிபார்த்தவர் யார்?' என்று எழுந்து நின்று கேட்கவும் கற்பிப்போம்.